குடல்வால் ஆபரேஷன்

வாங்க. செருப்பை அங்கயே விட்டுட்டு வாங்க, ஆசாரத்துத் தரையை இப்பத்தான் தொடச்சேன். நீங்கதான் அந்தத் தொட்டிப் பிரசவ ஆஸ்பத்திரி சிஸ்டருங்களா? முந்தாநாளே தாரணி போன்ல சொல்லிட்டா. “அம்மா, ஜெபசீலி சிஸ்டர் அன்னூருக்கு வருவாங்க. அவங்க கேக்கறதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லு”ன்னா. பெத்தவளுக்கு மவ போடற உத்தரவு. என்ற பேரு மயிலாத்தா. தாரணிக்கு அம்மா. அதையும் எழுதணும்னா எழுதிக்கங்க.

உக்காருங்க. காபி வெக்கட்டுங்களா? வேண்டாமா? வேண்டாம்னா போங்க, நான் கெஞ்சப் போறதில்ல. தண்ணியாச்சும் குடிங்க. உங்களுக்குத்தான் தண்ணின்னா ரொம்பப் புடிக்குமே.

கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். இல்ல, கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. தண்ணிக்குள்ள உக்காந்து புள்ளை பெத்துக்கலாம்னு என்ற மவ மண்டையில ஏத்துனது ஆரு? வளைகாப்பு அன்னைக்கு, சொந்தக்காரங்க அத்தனை ஒறம்பரை உக்காந்திருக்காங்க, கைநெறைய வளையலைப் போட்டுக்கிட்டு இவ போன்ல படம் காட்டறா. எவளோ ஒரு வெள்ளைக்காரி தொட்டியில சாஞ்சு உக்காந்திருக்கா, புருசன் முதுகைத் தேய்ச்சு விடறான். கருமம். எங்க சின்ன நங்கை, நாத்தனா மொறை, எட்டிப் பாத்துட்டு வாயில முந்தானையை வெச்சுக்கிட்டுச் சிரிக்கறா. எனக்கு அந்த எடத்துலயே உசுரு போயிருச்சு.

அதுக்கு என்ற சம்பந்தி சுலோச்சனா என்ன சொல்றா தெரியுங்களா? “நல்லாத்தானுங்க இருக்குது. வெந்நீர்ல உக்காந்தா இடுப்பு வலி கொஞ்சம் கொறையும்ல”ங்கறா. மருமவகிட்ட நல்ல பேரு வாங்கணும்னா இந்தம்மா எதுக்கு வேணும்னாலும் தலையாட்டும். மாப்பிள்ளை நவநீதன் இருக்கறாரே, அவரு அதுக்கு மேல. தொட்டிக்கு எத்தனை சூடு இருக்கோணும், எப்ப தண்ணியை மாத்தோணும்னு ஒரு நோட்டுப் போட்டு எழுதி வெச்சிருக்காரு. இவரா பெக்கப் போறாரு?

தலைப் பிரசவம் அம்மா ஊட்டுல. எந்தக் காலத்துல இருந்து இருக்கற மொறை! வளைகாப்பு முடிஞ்சு காருல ஏத்திக்கிட்டு வந்தர்லாம்னு நான் பையெல்லாம் கட்டி வெச்சா, “தொட்டி கோயமுத்தூர்லதானம்மா இருக்குது, நான் இங்கயே இருக்கேன், கொழந்தையோட வர்றேன்”னுட்டா. அந்த ரூமை எட்டிப் பாருங்க. வெள்ளையடிச்சு, புதுசா மெத்தை போட்டு, பழைய வேட்டியெல்லாம் தொவச்சுக் கிழிச்சு மடிச்சு வெச்சிருக்கேன். ரெண்டு மாசமா ஆளில்லாத ரூமை நான் கூட்டிக்கிட்டு இருக்கேன்.

சரி, கேளுங்க. என்ன பாரம் அது, எழுதி நெரப்பறதா? எனக்குச் சக்கரை இருக்கா? இல்ல. பிரசர்? உங்களைப் பாத்ததுல இருந்து இருக்குது. தாரணிக்கு இதுக்கு முன்னாடி ஆபரேஷன் எதாச்சுமா? ஒண்ணு ஆச்சு. காலேஜ்ல மூணாவது வருசம் படிக்கறப்ப. குடல்வால் ஆபரேஷன். எழுதிக்கங்க.

ஏன் எழுதாம என்னையவே பாக்கறீங்க?

தழும்பு அடிவயித்துல குறுக்கால இருக்குதுங்கறீங்களா? ஆமா, இருக்குது. குடல்வாலுன்னா வலப்பக்கம் சின்னதாத்தான் இருக்கும்னு எனக்கும் தெரியும், நீங்க சொல்லித் தர வேண்டாம். அது வெடிச்சுப் போச்சு. அதான் குறுக்கால கிழிச்சாங்க. கல்யாணத்தப்ப மாப்பிள்ளைகிட்டயும் இதேதான் சொன்னோம். அவரு நீங்க கேட்ட மாதிரி நோண்டி நோண்டிக் கேக்கல.

ஓ. தாரணியே சொல்லிட்டாளா உங்ககிட்ட? கர்ப்பப்பைக் கட்டின்னு? அட கெரகமே! அவ வாயில ஒண்ணு நிக்காதுங்க. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். டீச்சர் “ஆரு பேசுனது?”ன்னு கேட்டா, இவளா எந்திரிச்சு “நான்தான் மிஸ்”ம்பா. ஆரு ஊட்டுப் புள்ளையாச்சும் அப்படிச் சொல்லுமா?

சரி, கட்டிதான். அதுல என்ன இப்ப? கர்ப்பப்பைக்கு வெளியில, காம்புல காய் தொங்கற மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. காம்போட நறுக்கி எடுத்துட்டாங்க. கர்ப்பப்பையைத் தொடவே இல்ல. இதைத்தான் தாரணிகிட்டயும் சொல்லியிருக்கேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை சொல்லியிருக்கேன்.

ஆமா, மூணு தடவை கேட்டா. அதையும் சொல்லிட்டாளா? மாசமான புதுசுல போன்ல கேட்டா. “அம்மா, தொட்டிப் பிரசவத்துக்கு ஒத்துக்கணும்னா ஒரு விசயம் தெரியணுமாம். அந்த ஆபரேஷன்ல கர்ப்பப்பையைக் கிழிச்சாங்களா, வெளியில இருந்ததை எடுத்தாங்களா?”ன்னா. போன் ஸ்பீக்கர்ல இருக்குது, பக்கத்துல மாப்பிள்ளை இருமற சத்தம் கேக்குது. என்ன சொல்லச் சொல்றீங்க என்னைய? வெளியிலதான்னேன். அஞ்சாம் மாசம் கேட்டா. அப்ப சுலோச்சனா பக்கத்துல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கா. வெளியிலதான்னேன். வளைகாப்புக்கு மொத நாள் சேலை எடுத்துட்டுப் போக இங்க வந்தவ, இதே ஆசாரத்துல, நானும் அவளும் மட்டும் இருக்கறப்ப கேட்டா. அப்பவும்... அப்பவும் அதேதான் சொன்னேன்.

சீட்டா? பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் கரையான் தின்னு போச்சுங்க. ஆஸ்பத்திரியில போய்க் கேக்கறதா? ஈரோட்டுல இருந்துச்சு, இப்ப அதை இடிச்சுப்போட்டாங்க. அந்த எடத்துல கல்யாண மண்டபம் கட்டியிருக்கறாங்க. தாரணிகிட்டயும் சொன்னேன், அங்க போனா பந்திதான் போடுவாங்கன்னு.

எதுக்கு சிரிக்கறீங்க? சிரிக்கலையா. சரி.

சித்தெ இருங்க. அந்தக் கதவைச் சாத்திட்டு வர்றேன். எங்க ஊட்டுக்காரர் மாவு மில்லுல இருந்து எந்நேரமும் வருவாரு. அவருக்கே பாதிதான் தெரியும்.

இங்க பாருங்க அம்மணி. நீங்க என்ற மவளைவிட ரெண்டு மூணு வயசு எச்சா இருப்பீங்க. கல்யாணம் ஆயிருச்சா? புள்ளைங்க? ரெண்டா. அப்பச் சொன்னாப் புரியும்.

அவளுக்கு மாசாமாசம் அப்படிப் போகும். பத்து நாளு, பன்னண்டு நாளு. காலேஜ்ல மயங்கி விழுந்து தூக்கிக்கிட்டு வந்தாங்க. ரத்தம் ஆறுக்குக் கீழ போயிருச்சு, ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க. ஸ்கேன் எடுத்தா உள்ள ஒரு கொய்யாக்காய் அளவு கட்டி. வெளியில ஒண்ணும் தொங்கல அம்மணி. கர்ப்பப்பைச் சுவத்துக்குள்ள, உள்பக்கம் வரைக்கும் எறங்கியிருந்துச்சு. இருவத்தொரு வயசுப் பொண்ணு. டாக்டரம்மா கர்ப்பப்பையை எடுக்காம கட்டியை மட்டும் எடுத்துக் குடுத்தாங்க, அவங்க நல்லா இருக்கோணும். ஆனா கர்ப்பப்பையைத் தொறந்துதான் எடுத்தாங்க. நல்லாக் கிழிச்சு, அடுக்கடுக்காத் தச்சிருக்காங்க.

அன்னைக்கே என்னையத் தனியாக் கூப்புட்டு, டாக்டரம்மா சொன்னாங்க. “அம்மா, நாளைக்கு இந்தப் பொண்ணு மாசமானா வலி வர விடக்கூடாது. முன்னாடியே தேதி குறிச்சு ஆபரேஷன் பண்ணித்தான் கொழந்தையை எடுக்கோணும். வலி வந்தா அந்தத் தையல் பிரிஞ்சர்லாம். பிரிஞ்சா தாயும் தங்காது, புள்ளையும் தங்காது. இதை உங்க பொண்ணுகிட்டயும் சொல்லி வையுங்க.” சீட்டுலயும் அடிக்கோடு போட்டு எழுதிக் குடுத்தாங்க.

நான் சொல்லல.

எப்படிச் சொல்றது? நான்தான் சொன்னனே, அவ வாயில ஒண்ணும் நிக்காதுன்னு. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன்கிட்டயே “எனக்குக் கர்ப்பப்பையைக் கிழிச்சுத் தச்சிருக்குது”ன்னு சொல்லிப்போடுவா. அப்பறம் எவன் கட்டுவான்? ஊருக்குக் குடல்வால்னு சொன்னேன். அவளுக்கு வெளியில ஒட்டுன கட்டின்னு சொன்னேன். வெளியிலன்னா அவளே மறந்துருவா, மறந்துட்டா ஆருகிட்டயும் சொல்ல மாட்டா. இதுல என்ன தப்பு? கல்யாணம் நடந்துச்சா இல்லையா? நல்ல எடமா இல்லையா?

இந்தச் சுலோச்சனா பொண்ணு பாக்க வந்தன்னைக்கே என்ன பண்ணுனா தெரியுங்களா? பலகாரத் தட்டைக் கையில வெச்சுக்கிட்டு, ஆம்பளைங்க எல்லாம் உக்காந்திருக்கறப்ப, “எனக்கு முப்பத்தஞ்சு வயசுலயே கர்ப்பப்பையை எடுத்தாச்சுங்க, பாரம் தூக்க மாட்டேன்”னா. கூச்சநாச்சம் இல்லாத பொம்பளை. அதோட விட்டாளா? என்னைய அடுப்படிக்குத் தள்ளிக்கிட்டுப் போயி, “பொண்ணுக்கு எதாச்சும் இருந்தாலும் சொல்லிருங்க, நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம், வைத்தியம் பாத்துக்கலாம்”ங்கறா. எப்படித் தூண்டில் போடறா பாருங்க! நான் மாட்டுவேனா? “குடல்வால் தவிர அவளுக்குத் தலைவலிகூட வந்ததில்லைங்க”ன்னு சொல்லிப்போட்டேன்.

எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. சாதாரண ஆஸ்பத்திரியா இருந்தா இன்னைக்குப் பத்துக்கு ஏழு ஆபரேஷன்தான். அவங்களே எதாச்சும் ஒண்ணைச் சொல்லிக் கிழிச்சிருவாங்க, நான் வாயே தொறக்க வேண்டியதில்லன்னு நிம்மதியா இருந்தேன். நடுவுல நீங்க வந்தீங்க, உங்க தொட்டியைத் தூக்கிக்கிட்டு! ஊருலயே கத்தி வெக்காத ஒரே எடத்தைத் தேடிப் புடிச்சிருக்கா என்ற மவ. எனக்கு எப்படி இருக்கும்?

அவ ஏன் தேடுனான்னு எனக்குத் தெரியும். அந்த ஆபரேஷனப்ப மயக்க மருந்து சரியா ஏறாம, வலியோட நடுவுல முழிச்சுக்கிட்டா. “இன்னொரு தடவை அந்த லைட்டுக்குக் கீழ என்னையப் படுக்க வெக்காதம்மா”ன்னு கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. ரெண்டு வருசம் தூக்கத்துல அலறுவா. பாவம் அம்மணி, பயந்த புள்ளை. கத்தியில்லாம பெத்துக்கோணும்னு அவ எவ்வளவு படிச்சா, எத்தனை பேர்கிட்டக் கேட்டா, கட்டி இருந்தவங்க தண்ணியில பெத்துக்கலாமா, எது இருந்தா கூடாது, எல்லாத்தையும் எழுதி எழுதி வெச்சா. எல்லாம் சரியாத்தான் பண்ணுனா. நான் சொன்னது ஒண்ணுதான் அதுல பொய்.

எனக்குப் பயமா இருக்குது அம்மணி. ஒரு மாசமாச் சோறு எறங்கல. இன்னும் மூணு வாரம் இருக்குது, அதுக்குள்ள வலி வந்துட்டா? போன் அடிச்சா அடுப்புல இருக்கறதை அப்படியே விட்டுட்டு ஓடறேன்.

அப்ப ஏன் மூணாவது தடவை கேட்டப்பச் சொல்லலைன்னு கேக்கறீங்க. ஆருமில்லையே அப்ப, சொல்லியிருக்கலாமேங்கறீங்க. நல்லா நீதி கேக்கறீங்க. சொன்னா என்ன கேப்பா தெரியுங்களா? “ஆறு வருசமா என்கிட்டப் பொய் சொன்னியா?”ன்னு கேப்பா. “என்ற ஒடம்புல நடந்ததை என்கிட்டயே மறைச்சியா?”ன்னு கேப்பா. அவ கத்த மாட்டா. ஒரு பார்வை பாப்பா. அந்தப் பார்வையை நான் தாங்க மாட்டேன். வாயி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

அதனால நான் என்ன யோசிச்சு வெச்சிருக்கேன்னா, நீங்க எனக்கு ஒரு ஒதவி பண்ணோணும். இதா, இதைப் பாருங்க. கரையானெல்லாம் ஒண்ணும் திங்கல. பீரோவுல கூறைச் சேலைக்கு அடியிலதான் வெச்சிருந்தேன். அடிக்கோடு போட்டிருக்குது பாருங்க, அதான் அந்த டாக்டரம்மா கையெழுத்து. நீங்க இதைப் படிச்சுக்கங்க. படிச்சுட்டு என்கிட்டயே குடுத்துருங்க. கோயமுத்தூர் போனதும் தாரணியை வரச்சொல்லி, வயித்துல கருவியை வெச்சுப் பாத்துட்டு, “கொழந்தைக்குக் கொடி சுத்தியிருக்குது, தொட்டியெல்லாம் ஆகாது, பெரிய ஆஸ்பத்திரியில உடனே எடுத்தரோணும்”னு சொல்லிருங்க. ஊரு ஒலகத்துல எல்லாருக்கும் கொடிதான் சுத்துது, ஆரு போயிப் பாத்தா? நம்பிருவா. கொழந்தைக்குன்னா லைட்டுக்குக் கீழ படுத்துக்குவா. புள்ளையும் பொழைக்கும், தாயும் பொழைக்கும், ஆருக்கும் ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு என்ன நட்டம்? ஒரு வார்த்தை.

அப்படிச் சொல்லக் கூடாதுங்களா? பொய் சொல்ல மாட்டீங்களா? அடேங்கப்பா! என்ற மவ உசுரைவிட உங்க வாயி சுத்தம் பெருசாப் போச்சா? நல்லா வந்து சேந்தீங்க, நீங்களும் அவளும்.

அது என்ன, பையில இருந்து எடுக்கறீங்க? எங்க, காட்டுங்க. என்ற சீட்டு மாதிரியே இருக்குது. அதே ஆஸ்பத்திரி, அதே அடிக்கோடு. இது ஏது உங்களுக்கு?

ஈரோட்டுக்குப் போனாளா? எப்ப? வளைகாப்பு முடிஞ்ச மறு வாரமேவா? கட்டடம் அப்படியேதான் இருக்குதுன்னு... ஆரு கூடப் போனா? சுலோச்சனா கூடவா? ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து இதைப் படிச்சாங்களா? சுலோச்சனா என்ன சொன்னா? சும்மா சொல்லுங்க. மேல ஒண்ணும் கேக்கலையா? தழும்பைத் தடவிக் குடுத்துட்டு, “ஆபரேஷனுக்கு நானும் கூட இருக்கேன் கண்ணு, மயக்க டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிரலாம்”னாளா. அவ்வளவுதானா.

அப்ப தொட்டி? அன்னைக்கே வேண்டாம்னு சொல்லிட்டீங்களா, நீங்களே? அப்ப ஒரு மாசமா நான் சோறு திங்காம கெடந்தது? அப்பறம் எதுக்குங்க இன்னைக்கு இந்தப் பாரம், இந்தக் கேள்வி?

என்ன சொன்னீங்க?

இன்னொரு தடவை சொல்லுங்க.

நேத்தா? நேத்துக் காலையிலயே ஆபரேஷன் ஆயிருச்சா? நேத்து நான் போன் பண்ணுனனே! மாப்பிள்ளைதான் எடுத்தாரு, “தாரணி தூங்கறாங்க அத்தை”ன்னாரு. தூங்கறாளாமே! அவ நல்லா இருக்காளா அம்மணி? கண்ணு முழிச்சாளா? வலிக்குதுன்னாளா, அழுதாளா? பயந்தாளா? ... நல்லாத் தூங்குனாளா. சரி. சரி. கொழந்தை? பொண்ணா. எத்தனை கிலோ? ரெண்டே முக்காலா. ஆரு மாதிரி இருக்குது? தேட்டர் வாசல்ல ஆரு உக்காந்திருந்தா? மொதல்ல ஆரு கையில குடுத்தாங்க?

சுலோச்சனா கையிலயா.

தலைப் பிரசவம் அம்மணி இது. என்ற மவளோட தலைப் பிரசவம். நான் இங்க உக்காந்து நேத்துக் காலையில வாசல் கூட்டிக்கிட்டு இருந்திருக்கேன். எப்படி மறைச்சா பாருங்க! ரெண்டு மாசமா, தெனமும் போன்ல “சாப்புட்டியா, மாத்திரை போட்டியா”ன்னு நான் கேக்க, “ம் ம்”னு சொல்லிக்கிட்டே தேதி குறிச்சிருக்கா. என்ன நெஞ்சழுத்தம்! பெத்தவகிட்டப் போயி ஒருத்தி மறைப்பாளா? இதெல்லாம் எங்க ஊட்டுல இல்லாத பழக்கம். ஒரு வாயி உண்மையச் சொல்லாம முழுங்கறதுக்கு எங்க கத்துக்கிட்டா? எல்லாம் அந்தச் சுலோச்சனா வளர்ப்பு. மூணு வருசத்துல என்ற புள்ளையை மாத்திப்போட்டா.

எந்திரிக்காதீங்க. உக்காருங்க. நாலாவது தடவையாக் கேட்டுப் பாக்கறதுக்குத்தான் உங்களை அனுப்புனாளா? நான் உண்மையச் சொன்னா வந்து புள்ளையைப் பாக்கலாம், இல்லாட்டி நீங்க பாரத்தை மடிச்சுக்கிட்டுச் சும்மா திரும்பிப் போயிரோணும். அப்படித்தான சொன்னா? பரீட்சை வெக்கறா எனக்கு. பெத்து, வளத்து, ரத்தம் ஏத்தி, கட்டிக் குடுத்தவளுக்குப் பரீட்சை.

நான் சொல்லிட்டேன்ல? நீங்க கேட்டீங்கல்ல? சீட்டை நானே எடுத்துக் குடுத்தேன், நீங்க ஒண்ணும் புடுங்கல. அதை அவகிட்ட அப்படியே சொல்லோணும். நான் சேலை மாத்திக்கிட்டு வர்றேன், உங்க கூடவே பஸ் ஏறிர்றேன், அஞ்சே நிமிசம். மருந்துக் கொழம்புக்குச் சாமான் எல்லாம் அரைச்சுத்தான் வெச்சிருக்கேன், எடுத்துக்கறேன்.

அம்மணி. ஒண்ணே ஒண்ணு. அம்மா எல்லா உண்மையையும் சொல்லிட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அந்தக் கொடி சுத்துன பேச்சை மட்டும் அவகிட்டச் சொல்ல வேண்டாம்.